‘பார்டர் சுகர்’ என்று சொல்லிவிட்டார்களா? அடுத்த மூன்று மாதத்துக்கான வழிகாட்டி

ரத்தப் பரிசோதனை முடிவைப் புரட்டிவிட்டு மருத்துவர், “பார்டரில் இருக்கிறீர்கள், சாப்பாட்டில் கவனமாக இருங்கள்” என்பார். நாம் எழுந்திருப்பதற்குள் அடுத்த டோக்கன்காரர் உள்ளே வந்துவிடுவார். எதில் கவனம், எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்றெல்லாம் கேட்க அங்கே நேரம் இருக்காது. வீட்டுக்கு வந்தால் சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்வார் ஒருவர். கேழ்வரகுக்கு மாறச் சொல்வார் இன்னொருவர். சிறுகுறிஞ்சான் பொடியோடு பெரியம்மா வந்து நிற்பார். ஒவ்வொருவரிடமும் ஒரு சாட்சி இருப்பார்: “எங்கள் மாமாவுக்கு இதில்தான் குறைந்தது.”

அந்தக் குழப்பத்தில் மாதக்கணக்கில் அலைந்து, படித்து, கேட்டு, அளந்து பார்த்துச் சேர்த்ததை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். இது யாருக்கு என்றால், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, இன்னும் மாத்திரை தொடங்கவில்லை என்ற நிலையில் இருக்கும் பெரியவர்களுக்கு. கர்ப்பிணிகள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், ஏற்கெனவே இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் இதை வைத்துத் தாங்களாகவே உணவை மாற்ற வேண்டாம். தாகம் அதிகமாகி, அடிக்கடி சிறுநீர் போய், காரணமில்லாமல் எடையும் குறைகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

1. அந்த எண் சரியானதுதானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

உணவை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான்.

வெறும் வயிற்றுச் சோதனைக்குக் குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை போடாத காபிகூட வேண்டாம். அதற்காக முந்தைய நாள் மாலை ஐந்து மணியோடு வாயைக் கட்டிவிட்டு, மறுநாள் காலை ஒன்பதுக்கு வரிசையில் நிற்பதும் சரியில்லை. இரவு எட்டு மணிக்கு வழக்கமான சாப்பாடு, காலை ஏழு மணிக்கு ரத்தம், இந்தக் கணக்கே போதும். லேப் திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள்.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகும் சேவையில் ஒரு பொறி இருக்கிறது. குழாயில் எடுத்த ரத்தத்தின் அணுக்கள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். பாதுகாப்பு செய்யாத ரத்தத்தில், அறை வெப்பத்தில், மணிக்குச் சுமார் 5 முதல் 7 விழுக்காடு சர்க்கரை குறைந்துவிடும். பத்து வீடு சுற்றிவிட்டு மதியம் லேபுக்குப் போகும் ரத்தம் உங்களை நலமானவராகக் காட்டிவிடலாம். சர்க்கரைக்கான ரத்தத்தை ஃப்ளோரைடு சேர்த்த குழாயில், வழக்கமாகச் சாம்பல் நிற மூடி போட்டதில், எடுக்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளாத லேப் நல்ல லேப்.

‘மூன்று மாத சர்க்கரை’ என்று சொல்லப்படும் எச்பிஏ1சி சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் அதற்கு வேறு ஒரு சிக்கல் உண்டு. சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அது அளப்பதால், சிவப்பணுக்களில் கோளாறு இருந்தால் எண்ணும் கோளாறாகும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்தம் இழந்திருந்தாலோ ரத்தம் ஏற்றியிருந்தாலோ குறைவாகக் காட்டலாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆகவே பெண்கள் எச்பிஏ1சி பார்க்கும்போது ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது. அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

காய்ச்சல், தொற்று, ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவை சர்க்கரையை ஏற்றிவிடும். அவை முடிந்து சில வாரங்கள் கழித்துப் பாருங்கள். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு சோதனையை வைத்து நீரிழிவு என்று முத்திரை குத்தக் கூடாது, இரண்டாவது முடிவும் அதையே சொல்ல வேண்டும் என்பதுதான் மருத்துவ நெறி. அதே கண்டிப்பை ‘பார்டர்’ விஷயத்திலும் கடைப்பிடிக்கச் சொல்வேன்.

2. ரிப்போர்ட்டை நீங்களே படியுங்கள்

பார்க்க வேண்டிய எண்கள் மூன்றுதான்.

வெறும் வயிற்றில்: 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126 முதல் நீரிழிவு.
75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து: 140 முதல் 199 வரை எல்லைக்கோடு, 200 முதல் நீரிழிவு.
எச்பிஏ1சி: 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 முதல் நீரிழிவு.

இவை அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோல்கள். உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்றுக்கான எல்லைக்கோட்டை 110-இல்தான் தொடங்குகிறது. 104 என்று வந்தால் ஒரு லேபின் தாளில் அது தடித்த எழுத்தில் இருக்கும், இன்னொன்றில் சாதாரணமாக இருக்கும். உடம்பு ஒன்றுதான். அச்சடித்தவர் எந்தக் கோட்டை எடுத்துக்கொண்டார் என்பதில்தான் வித்தியாசம்.

குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனைக்கு முந்தைய மூன்று நாட்களும் வழக்கம்போல் சாப்பிட வேண்டும். சோதனை வருகிறதே என்று சோற்றைக் குறைத்துவிட்டுப் போனால் முடிவு மோசமாகக்கூட வரலாம்.

உயரத்துக்கேற்ற எடையிலும் நமக்குத் தனிக் கோடு உண்டு. இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்கள் பெரும்பாலும் பிஎம்ஐ 25 வரை சரி என்று சொல்லும். இந்தியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது, 25 என்றால் உடற்பருமன். அதைவிட எளிய அளவு இடுப்புச் சுற்று. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டு, தையல் டேப்பால் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. கால்சட்டை அளவை இடுப்புச் சுற்று என்று சொல்லி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது நம் ஊரில் சகஜம்.

இனி, ‘முழு உடல் பரிசோதனை’ தொகுப்பு. மூன்று சோதனை போதும் என்று போய் நிற்பவரிடம், இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் எண்பது சோதனை கிடைக்கும் என்பார்கள். என்னிடமும் அப்படித்தான் விற்றார்கள். அதிலுள்ள கணக்கைப் பாருங்கள். ‘சாதாரண அளவு’ என்பது பொதுவாக, நலமாக இருக்கும் 100 பேரில் நடுவிலுள்ள 95 பேர் அடங்கும்படி வகுக்கப்படுகிறது. அதாவது ஒவ்வொரு சோதனையிலும் நலமானவர்களில் ஐந்து பேர் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை நலமான ஒருவருக்குச் செய்தால், ஏதாவது ஒன்றாவது கோட்டைத் தாண்டுவதற்கான வாய்ப்பு 64 விழுக்காடு. அந்த ஒன்றைத் துரத்திக்கொண்டு ஸ்கேன், மறுசோதனை, புது மருத்துவர் என்று செலவு வளரும். மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மட்டும் செய்யுங்கள்.

3. ஒரு கோப்பு தொடங்குங்கள்

சலிப்பான வேலைதான். ஆனால் பின்னால் பெரிதும் உதவும். ஒரு சாதாரண பிளாஸ்டிக் கோப்பில் இவை இருக்கட்டும்:

– பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள், கிடைத்தவரை. அலுவலகத்தில் சேரும்போது எடுத்தது, அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்தது, பிரசவத்தின்போது எடுத்தது எல்லாம். மூன்றாண்டுகளில் 92, 98, 107 என்று ஏறியிருப்பதும், எப்போதும் 105-லேயே நிற்பதும் ஒன்றல்ல.
– இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் சீட்டு. சித்த மருந்து, புரதப் பொடி, வைட்டமின் மாத்திரையையும் எழுதுங்கள்.
– அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்கு எந்த வயதில் சர்க்கரை வந்தது என்ற ஒரு பக்கக் குறிப்பு.
– பில்கள். பழைய வருமான வரித்திட்டத்தில் இருப்பவர்கள் குடும்பத்தின் முன்தடுப்புப் பரிசோதனைச் செலவில் ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை, மருத்துவக் காப்பீட்டுக் கழிவின் வரம்புக்குள், காட்டலாம். ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும்.

வெப்பத்தில் அச்சாகும் பில்கள் சில மாதங்களில் வெளுத்துவிடும். அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஆதார் இருந்தால் 14 இலக்க ‘ஆபா’ சுகாதார அடையாள எண்ணைக் கட்டணமின்றி உருவாக்கி, ரிப்போர்ட்டுகளை அதில் இணைக்கவும் முடியும். இருந்தாலும் காகிதக் கோப்பை விடாதீர்கள். மருத்துவர் முன் கைப்பேசியைத் தடவித் தேடுவதற்குள் உங்கள் நேரம் முடிந்துவிடும்.

புதிதாக மருத்துவக் காப்பீடு எடுக்கப்போகிறவர்கள் முன்மொழிவுப் படிவத்தில் கேட்கும் இடத்தில் எல்லைக்கோட்டுச் சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 விதிகளின்படி அதிகபட்சம் 36 மாதங்கள்தான். மறைத்ததாகத் தெரிந்தால் பின்னாளில் கோரிக்கையே நிராகரிக்கப்படலாம். முகவர் “இதெல்லாம் எழுத வேண்டாம் சார்” என்று சொன்னால், படிவத்தில் கையெழுத்து உங்களுடையது என்பதை நினைவில் வையுங்கள்.

4. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எனக்கு இப்போதே மெட்ஃபார்மின் (சர்க்கரைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை) தேவையா, தேவையில்லை என்றால் எந்த எண்ணில் தேவைப்படும்? எடையில் எத்தனை கிலோ குறைந்தால் போதும்? ரத்த அழுத்தமும் கொழுப்பும் எப்படி இருக்கின்றன? மறுசோதனை எப்போது, எது? நான்கே கேள்விகள். பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

5. ‘நல்லது’ என்று யார் சொன்னாலும் ‘எவ்வளவு?’ என்று கேளுங்கள்

அறிவியலைச் சாப்பாட்டுத் தட்டுக்குக் கொண்டுவருவது என்பது நடைமுறையில் இந்த ஒரு கேள்விதான். ஓர் உணவோ பழக்கமோ பலன் தருமா தராதா என்பதோடு நிறுத்தாமல், யாருக்கு, எவ்வளவு, எதோடு ஒப்பிட்டால் என்று துளைக்க வேண்டும்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு சென்னையிலிருந்தே இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரனும் குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். ஒரு பிரிவுக்கு நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும். ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின். இன்னொன்றுக்கு இரண்டும். மூன்றாண்டுகளில் முதல் பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. நடை, உணவுப் பிரிவில் 39.3. மெட்ஃபார்மின் பிரிவில் 40.5. இரண்டும் சேர்ந்த பிரிவில் 39.5. இரண்டையும் சேர்த்துச் செய்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. எடை பெரிதாகக் குறையாமலேயே பலன் கிடைத்தது என்பது அந்த ஆய்வின் இன்னொரு செய்தி. தராசு நகரவில்லை என்று மனம் தளர்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இதே முடிவைச் செய்தித்தாள் எப்படி எழுதும்? ‘ஆபத்து 28.5 விழுக்காடு குறைவு’ என்று எழுதும். 2002-இல் வெளிவந்த அமெரிக்கத் தடுப்பு ஆய்வில் அதே எண் 58. அதைப் பார்த்தால் அமெரிக்கர்களுக்கு இரண்டு மடங்கு பலன் கிடைத்ததுபோல் தோன்றும். தலைகளை எண்ணிப் பாருங்கள். அங்கே மூன்றாண்டுகளில் சுமார் 29 விழுக்காடாக இருந்தது 14-ஆகக் குறைந்தது. இங்கே 55, 39-ஆகக் குறைந்தது. இரண்டு இடத்திலும் 100 பேருக்குச் சுமார் 15 பேர் தப்பினார்கள். விழுக்காட்டில் குறைந்தது என்ற செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் “100 பேரில் எத்தனை பேர், எத்தனையிலிருந்து எத்தனைக்கு?” என்று கேட்டால் பாதி விளம்பரங்கள் வாயடைத்துப் போகும்.

சென்னை எண்களில் இன்னொன்றும் இருக்கிறது. எல்லாம் சொன்னபடி கேட்டவர்களின் பிரிவிலும் 39 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. ஒழுங்காக இருந்தும் வந்துவிட்டால் அது உங்கள் ஒழுக்கக் குறைவு என்று யாரும் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

அடுத்து, கைக்குத்தல் அரிசி. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் சில நாட்கள் மட்டுமே நடத்திய ஒரு சிறு சோதனையில், வெள்ளை அரிசிக்குப் பதில் தவிடு நீக்காத அரிசி சாப்பிட்டபோது, ஒரு நாள் முழுவதற்குமான சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அருமையான செய்தி, கடைகளும் பிடித்துக்கொண்டன. பிறகு, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வைத்து மாதக்கணக்கில் நடந்த பெரிய ஆய்வில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இடுப்புச் சுற்று, அழுத்தம், கொழுப்பு என்று பல கோளாறுகள் சேர்ந்திருந்தவர்களுக்கு மட்டும் எச்பிஏ1சி சிறிதளவு குறைந்தது. ஆகவே கைக்குத்தல் அரிசி பிடித்திருந்தால் சாப்பிடுங்கள். பிடிக்காததை இரு மடங்கு விலை கொடுத்து வாங்கி முகம் சுளித்து விழுங்கும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை என்பது என் முடிவு.

பொடிகளுக்கு வருவோம். பாகற்காய், இலவங்கப்பட்டை இரண்டையும் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறது. சர்க்கரைக்கு மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே இரண்டுக்கும் கிடைத்த பதில். பாகற்காய்ப் பொரியல் நல்ல காய்கறி, தாராளமாகச் சாப்பிடலாம். மாதம் ஆயிரக்கணக்கில் கொடுத்து அதன் சாற்றை மாத்திரையாக விழுங்குவது வேறு விஷயம்.

நீங்களே தேடிப் பார்க்க: மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் தளத்தில் உணவின் பெயரோடு ‘சிஸ்டமேட்டிக் ரிவ்யூ’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துத் தேடுங்கள். தனித்தனி ஆய்வுகள் குறைந்து, பெரும்பாலும் தொகுப்பாய்வுகள் வரும். காக்ரேனின் எளிய மொழிச் சுருக்கங்களுக்குப் பணம் கட்ட வேண்டாம், சில தமிழிலும் உண்டு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எந்த ஆய்வைத் திறந்தாலும் எலியா மனிதரா, எத்தனை பேர், எத்தனை வாரம், எதோடு ஒப்பிட்டார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்ற ஐந்தையும் முதலில் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

6. உங்கள் உடம்பில் அளந்து பாருங்கள்

ஆய்வுகள் சராசரியைத்தான் சொல்லும். உங்கள் வீட்டு இட்லி உங்கள் உடம்பில் என்ன செய்கிறது என்பதற்கு, விரலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர் வேண்டும். வாங்கும்போது மீட்டரின் விலையைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்ட்ரிப்பின் விலையைப் பாருங்கள். 500 முதல் 1,500 ரூபாய்க்குள் மீட்டர் கிடைக்கும். ஸ்ட்ரிப் ஒன்று சுமார் 15 முதல் 25 ரூபாய் ஆகும். மீட்டரை இனாமாகக் கொடுப்பவர்கள் ஸ்ட்ரிப்பில் எடுத்துவிடுவார்கள். உங்கள் ஊர் மருந்துக்கடையில் அந்த ஸ்ட்ரிப் எப்போதும் இருக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீட்டரின் நேர்த்திக்கு ஓர் எல்லை உண்டு. சர்வதேசத் தரத்தின்படியே 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 விழுக்காடு வரை முன்பின் இருக்கலாம். உண்மை 160 என்றால் திரையில் 136-ஆகவும் இருக்கலாம், 184-ஆகவும் இருக்கலாம். ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு மகிழவோ அழவோ வேண்டாம்.

செய்முறை இது:

அ. ஒரு காலை உணவைத் தேர்ந்தெடுங்கள். நான்கு இட்லி, ஒரு கரண்டி சட்னி என்று வைத்துக்கொள்வோம். மூன்று காலைகள் அதையே, அதே நேரத்தில், அதே அளவில் சாப்பிடுங்கள்.

ஆ. சாப்பிடுவதற்கு முன் ஒருமுறை, முதல் வாய் எடுத்து வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை அளந்து எழுதுங்கள். சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து கணக்கிடுவது பரவலாக நடக்கும் பிழை.

இ. அடுத்த மூன்று காலைகள் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே நான்கு இட்லி, அதே சட்னி, சாப்பிட்டவுடன் 15 நிமிட நடை. அல்லது நடை இல்லாமல், மூன்று இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஈ. மூன்று நாள் சராசரியோடு மூன்று நாள் சராசரியை ஒப்பிடுங்கள். அதே நான்கு இட்லிக்கே என் குறிப்பேட்டில் ஒரு காலைக்கும் மறு காலைக்கும் 20 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்திருக்கிறது. முந்தைய இரவு தூக்கம் கெட்டாலே எண் ஏறும். அதனால் குறிப்பேட்டில் தூங்கிய மணி நேரம், சளி, காய்ச்சல், மன உளைச்சல் ஆகியவற்றுக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

ஒரு சோதனைக்கு 12 ஸ்ட்ரிப். ஏறக்குறைய 250 ரூபாய்.

கவனிக்க வேண்டியவை: கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். மாம்பழம் உரித்த விரலில் எடுத்தால் மீட்டர் பதறிப்போகும். விரல் நுனியின் நடுவில் வேண்டாம், பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் புட்டியை உடனே மூடுங்கள், நம் ஊர் ஈரக்காற்று அதற்குப் பகை. திறந்த தேதியைப் புட்டியின் மேல் எழுதுங்கள்.

இதில் ஒரு பெரிய பொறி, பூரி. கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் எண்ணெயில் பொரித்தவை இரண்டு மணி நேர அளவில் சாதுவாகத் தெரியும், ஏற்றம் பின்னால் வரும். கொழுப்பையும் உப்பையும் அந்த மீட்டர் அளப்பதில்லை. ஆகவே மீட்டரில் எண் குறைந்தது என்பது ஓர் உணவுக்கான நற்சான்றிதழ் அல்ல. ஒரே வகையான உணவுகளை ஒப்பிடத்தான் அது உதவும்.

கேழ்வரகைக் கட்டாயம் அளந்து பாருங்கள். 100 கிராம் வெள்ளை அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகில் சுமார் 67, கம்பில் 62. நார்ச்சத்து கேழ்வரகில் பல மடங்கு அதிகம், கால்சியமும் அதிகம், அதற்காகச் சாப்பிடலாம். ஆனால் மாவாக அரைத்து, கஞ்சியாகக் காய்ச்சி, ஒரு சொம்பு குடித்தால் அது வேகமாகச் செரித்துச் சர்க்கரையை விரைவாக ஏற்றும். அதே மாவு அடையாகவோ களியாகவோ, கீரையும் குழம்புமாக வந்தால் கதை வேறாக இருக்கலாம். இதில் என் பேச்சையும் நம்ப வேண்டாம், 12 ஸ்ட்ரிப் செலவழித்துப் பாருங்கள்.

கையில் ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் தொடர்ந்து அளக்கும் பட்டைகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு அது தேவையில்லை என்றே நினைக்கிறேன். இரவு மூன்று மணிக்கு எழுந்து எண்ணைப் பார்த்துக் கவலைப்படும் பழக்கம் வருவதுதான் மிச்சம்.

7. கடையில் வாங்கும்போது

பொட்டலத்தின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானப் பட்டியல் எடையின் இறங்குவரிசையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ‘பலதானிய’ பிஸ்கட்டில் முதலில் இருப்பது மைதாவா, தானியமா என்று அதிலேயே தெரிந்துவிடும். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று எழுதிய பொடியில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கிறதா பாருங்கள். சர்க்கரை என்ற பெயர் இல்லாமலேயே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் பொருள் அது. ஊட்டச்சத்து அட்டவணையில் ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற கட்டத்தை விட்டுவிட்டு 100 கிராமுக்கான கட்டத்தில் ஒப்பிடுங்கள். ‘ஆரோக்கிய பானம்’ என்ற வகையே நம் உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை. அந்தத் தலைப்பிலிருந்து பானங்களை நீக்கும்படி 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். நிறம் பழுப்பு என்பதால் கணையம் ஏமாறாது.

8. செலவும் கால அட்டவணையும்

வெறும் வயிற்றுச் சோதனை தனியார் லேபில் சுமார் 60 முதல் 150 ரூபாய், எச்பிஏ1சி 300 முதல் 600. ஊருக்கு ஊர் மாறும். லேபுகளுக்குத் தரச்சான்று தரும் தேசிய அமைப்பான என்ஏபிஎல்-இன் முத்திரையும், எச்பிஏ1சி-க்கு எச்பிஎல்சி என்ற நம்பகமான முறையில் அளக்கிறார்களா என்பதையும் பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை இலவசம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் தெருவுக்கு வரும்போது கேட்டுக்கொள்ளலாம். சமையலறைத் தராசு 300 முதல் 600 ரூபாய். வாங்கினால் முதல் ஒரு வாரம் அரிசியை எடைபோட்டுச் சமையுங்கள். அதற்குப் பிறகு கண்ணே பழகிவிடும்.

முதல் இரண்டு வாரம்: மறுசோதனை, கோப்பு, மருத்துவர். மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் 30 நிமிட நடை. அதற்கு எந்த மீட்டரும் தேவையில்லை, சென்னை ஆய்வே போதிய சான்று. அடுத்த ஆறு வாரங்கள் காலை உணவு, மதியச் சோறு, இரவு உணவு என்று ஒவ்வொன்றாக வீட்டுச் சோதனை. பலன் தந்தவற்றில் வீட்டில் எல்லோரும் சண்டையில்லாமல் ஏற்கக்கூடிய இரண்டை மட்டும் நிலைப்படுத்துங்கள். ஆறு மாற்றங்களோடு தொடங்குபவர்கள் தீபாவளியைத் தாண்டுவதில்லை.

அதன் பின் விட்டுவிடுங்கள். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள் என்பதால், மாற்றம் தொடங்கி மூன்று மாதம் ஆகாமல் எச்பிஏ1சி எடுப்பது பணத்தை வீணடிப்பது. மறுசோதனையை முதலில் எடுத்த அதே லேபில் எடுங்கள். 6.1 என்பது 6.0 ஆனால் அது அளவீட்டின் தள்ளாட்டம், கொண்டாட ஒன்றுமில்லை. 6.1 என்பது 5.7 ஆனால் பெரும்பாலும் உண்மையான இறக்கம். செய்ததையே தொடர்ந்து, மருத்துவர் சொன்ன இடைவெளியில், வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை, பாருங்கள். எண் 6.5-ஐத் தொட்டிருந்தால் உடனே மறுபடி ஒரு சோதனை எடுத்து, கோப்பையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். முன்பதிவு செய்யும்போது நாளின் முதல் டோக்கனைக் கேளுங்கள். மாலைக் கூட்டத்தில் குறிப்பேட்டைப் புரட்ட அவருக்கும் நேரம் இருக்காது.